பாரம் இழுக்கும் டிராக்டருக்குப் பக்கக் கண்ணாடி தெரிந்தெடுத்தல்

காஞ்சீபுரத்தை அடுத்த ஏனாத்தூர் வழியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை நோக்கிச் செல்லும் சாலையில், தை மாசி மாதங்களில் ஒரு நாழிகை நின்று பார்ப்பவர், மூவகைப் போக்குவரத்து ஒரே பாதையில் நெருங்கிச் செல்வதைக் காண்பர். நெல்லும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர்கள் ஒரு வகை. 1993-ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் நடைபெற்று வரும் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயத்துக்குச் செல்லும் பஸ்களும், மாணாக்கரின் மோட்டார் சைக்கிள்களும் மற்றொரு வகை. நெய்து முடித்த சேலையை நகரத்தில் கொடுத்துவிட்டுப் பட்டு நூலும் சரிகையும் வாங்கித் திரும்பும் நெசவாளரின் இரு சக்கர வண்டிகள் மூன்றாவது வகை. பின்னிரண்டும் விரைவாய்ச் செல்வன. முதலாவது மெதுவாய்ச் செல்வது. விரைவாய்ச் செல்வது மெதுவாய்ச் செல்வதை முந்தியே தீரும். அவ்வாறு முந்தும் சமயத்தில், பின்னால் வருவதை அறியாத டிராக்டர்காரர் தம் வயல் வழிக்கு வலப்புறம் திரும்புவாராயின் விளைவு யாதாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அறுவடைக் காலத்தில் கிராம அதிகாரிகள் எழுத நேரும் விபத்து விவரங்களில் இவ்வகை புதிதன்று.

மாட்டு வண்டி ஓட்டியவர்க்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. அவர் காதே அவருக்குக் கண்ணாடி. பின்னால் வரும் வண்டியின் சத்தமும் மணியோசையும் தெளிவாய்க் கேட்கும். திரும்பிப் பார்த்தாலும் மாடு வழி தவறாது. டிராக்டரிலோ டீசல் இஞ்சினின் இரைச்சலில் பஸ்ஸின் ஹாரன்கூட அருகில் வந்த பின்னரே காதில் விழுகிறது. தலையைத் திருப்பிப் பின்னே நோக்கினால், கை தன்னையறியாமல் ஸ்டீரிங்கையும் அப்பக்கமே இழுத்துவிடுகிறது. இதனால் சிலர் பாரத்தின்மேல் ஒரு பையனை ஏற்றி உட்காரவைத்து, "வண்டி வந்தால் சொல்" என்று ஏவும் வழக்கத்தை மேற்கொண்டிருக்கின்றனர். இது மிகவும் கண்டிக்கத்தக்கது. டிராக்டரின்மேல் ஓட்டுபவரைத் தவிர வேறெவரையும் ஏற்றலாகாதென்பது சாலை விதி. டிரெய்லரும் சரக்குக்குரியதேயன்றி ஆட்களுக்குரியதன்று. விதி ஒருபுறமிருக்க, பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது வைக்கோல் பாரத்தின் உச்சியில் இருப்பவன் பற்றிக்கொள்ள யாதொன்றும் இல்லை. ஒரு ஜோடி நல்ல கண்ணாடி செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு பிள்ளையின் உயிரைப் பணயமாக வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

"எங்கள் டிராக்டரில் கண்ணாடி இருக்கிறதே" என்று பலர் கூறுவர். இருப்பதென்னவோ மெய்யே. அவற்றுட் சில ஓட்டுபவர் முகம் பார்த்துக்கொள்வதற்குத் தோதாகத் திருப்பி வைக்கப்பட்டிருப்பதும் மெய்யே. அது நிற்க, சரியாகத் திருப்பி வைத்தவர்களும் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. டிராக்டருடன் வரும் கண்ணாடி டிராக்டரின் அகலத்துக்கு ஏற்றது. பின்னால் இழுக்கப்படும் பாரத்தின் அகலத்துக்கு ஏற்றதன்று. கண்ணாடியைத் தெரிந்தெடுப்பதில் முதலாவதாகவும் முடிவாகவும் அளக்க வேண்டியது பாரத்தின் அகலமேயாகும்.

இதைக் கணக்கிட்டுக் காட்டுவோம். மட்கார்டின்மேல் பொருத்திய கண்ணாடி டிராக்டரின் நடுக்கோட்டிலிருந்து 3 அடி தள்ளியிருப்பதாகவும், அதற்கு 10 அடி பின்னால் டிரெய்லரின் முன்விளிம்பு தொடங்குவதாகவும் கொள்வோம். டிரெய்லர் ஆறரை அடி அகலமுள்ளதாய், வெறுமையாகவோ நெல் மூட்டைகளை மட்டும் ஏற்றியோ இருந்தால், அதன் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து மூன்றேகால் அடியில் நிற்கும். கண்ணாடியிலிருந்து அவ்விளிம்பை உரசிச் செல்லும் பார்வைக் கோடு, 100 அடி பின்னால் சென்றபோது நடுக்கோட்டிலிருந்து ஐந்தரை அடி மட்டுமே விலகியிருக்கும். அதற்கு வெளியே வருவதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், குறையொன்றுமில்லை. அதே டிரெய்லரில் பக்கத்துக்குப் பக்கம் 10 அடி அகலமாக வைக்கோல் அடுக்கப்பட்டால், விளிம்பு 5 அடிக்குப் போய்விடுகிறது. அப்பொழுது பார்வைக் கோடு 100 அடி தொலைவில் நடுக்கோட்டிலிருந்து 23 அடி விலகிவிடும். இருவழித் தார்ச்சாலையின் மொத்த அகலமே ஏறக்குறைய 23 அடிதான். இடப்புறம் ஒதுங்கிச் செல்லும் டிராக்டரின் நடுக்கோட்டிலிருந்து அத்தனை தூரம் விலகினால், பார்வை சாலையின் வலது ஓரத்தையும் கடந்து வயலில் சென்று விழும். ஓட்டுபவர் கண்ணாடியில் புளிய மரத்தையும் வரப்பையும் பார்த்துச் சாலை வெறுமையாயிருக்கிறதென்று நம்புவார். அவரை முந்த வரும் பஸ் முழுவதும் வைக்கோலின் மறைவிலேயே இருக்கும். கண்ணாடி இல்லாதவராவது சந்தேகப்பட்டு நிதானிப்பார். இத்தகைய கண்ணாடியை நம்பியவர்க்கு அந்தச் சந்தேகமும் எழுவதில்லை.

மேல்நாடுகளில் மோட்டார் காருக்குப் பின்னால் வீடு போன்ற பெரிய வண்டியைப் பூட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. இழுக்கப்படும் வண்டி காரின் பின்புறத்தைவிட அகலமானதாயின், நீண்ட கை உடைய தனிக் கண்ணாடிகளைப் பொருத்த வேண்டுமென்று இங்கிலாந்தில் சட்டம் கட்டாயப்படுத்துகிறது; தவறினால் 1,000 பவுன் வரை அபராதம் உண்டு. உல்லாசப் பிரயாணிக்கு விதிக்கப்பட்ட இந்த நியாயம் வைக்கோல் வண்டிக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

ஆயினும் 10 அடி பாரத்துக்கு ஏற்ற கண்ணாடியைத் தேடுமாறு நாம் ஆலோசனை கூறவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி (1989) வாகனத்தின் மொத்த அகலம் 2.6 மீட்டரை, அதாவது எட்டரை அடியை, மீறலாகாது. பக்கக் கண்ணாடி அந்த அளவில் சேர்க்கப்படுவதில்லை. வாகன உடலின் பக்கத்துக்கு வெளியே பாரம் நீட்டிக்கொண்டிருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாய் அபராதமும், அதிகப்படியான பாரத்தை இறக்கும் செலவும் ஓட்டுபவரைச் சாரும். ஆகவே முதல் வேலை, பாரத்தைப் பக்கப் பலகைக்குள் அடக்குவதே. வைக்கோலை யந்திரத்தால் கட்டுகளாகக் கட்டி அடுக்கினால் இது எளிதில் கைகூடும். உதிரியாக ஏற்றுவோர் ஒரு நடையை இரண்டு நடையாக்கிக்கொள்ள நேரிடும். அந்தச் செலவு எமக்குத் தெரியாததன்று. எனினும் அபராதத்தோடும் அபாயத்தோடும் ஒப்பிட்டால் அது சிறிதே.

பாரம் எட்டரை அடிக்குள் அடங்கிவிட்டால் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து நாலேகால் அடியில் நிற்கும். கண்ணாடியின் வெளிப்பாதி அதற்கும் நாலு அங்குலம் வெளியே இருக்குமாறு, மட்கார்டிலிருந்து சுமார் ஒன்றரை அடி நீளமுள்ள கை போதுமானது. இந்தக் கை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஒற்றைக் கம்பியின் முனையில் கண்ணாடியை மாட்டினால், இஞ்சினின் அதிர்ச்சியில் உருவம் கலங்கிப் பின்னால் வருவது பஸ்ஸா பனைமரமா என்பதே விளங்காது. 1911-இல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்து மோட்டார்ப் பந்தயத்தில் ரே ஹாரவுன் என்பவர் தம் வண்டியில் பின்புறம் காட்டும் கண்ணாடி பொருத்தி ஓட்டி வெற்றி பெற்றார். பந்தய வண்டியில் இக்கண்ணாடி புகழ்பெற்றது அப்பொழுதுதான். ஆனால் செங்கல் பாவிய அக்களத்தின் அதிர்ச்சியில் தமக்கு அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லையென்று அவரே பிற்காலத்தில் கூறியதாகச் சொல்வர். நம் கிராமச் சாலைகள் அந்தக் களத்தைவிட மேலானவை என்று சொல்வதற்கில்லை. ஆதலின் லாரிகளுக்குப் பொருத்துவதுபோல், மேலும் கீழும் இரு இடங்களில் தாங்கி, குறுக்கே ஒரு சாய்வுக் கால் கொடுத்த குழாய்க் கையையே தெரிந்தெடுக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் இதைச் செய்துகொள்ளலாம். பொருத்துமிடத்தில் தடித்த ரப்பர் வாஷர் வைத்து இறுக்குக. கை மடங்கக்கூடியதாக இருத்தல் அவசியம். விடியற்காலையில் தெருவிலேயே பாவு நீட்டிக் கஞ்சியிடும் நெசவாளர் தெருக்களில் நீண்ட கையுடன் நுழைந்தால், பாவைத் தாங்கும் கழிகளில் மோதிப் பல நாள் உழைப்பைப் பாழாக்க நேரும்.

இனிக் கண்ணாடியின் தன்மை. தட்டைக் கண்ணாடி உள்ளதை உள்ள அளவில் காட்டும். ஆனால் குறுகிய இடத்தையே காட்டும். ஆறு அங்குல அகலமுள்ள தட்டைக் கண்ணாடியை மூன்றரை அடி தூரத்திலிருந்து பார்த்தால், 100 அடி பின்னால் ஏறக்குறைய 15 அடி அகலம் தெரியும். 10 அடி பின்னால், அதாவது டிரெய்லரின் பக்கத்திலேயே, 2 அடி அகலங்கூடத் தெரியாது. குவிந்த கண்ணாடி, 4 அடி வளைவு ஆரமுள்ளதாயின், அதே இடங்களில் முறையே 40 அடியும் நாலரை அடியும் காட்டும். இதைக் கேட்டவுடன் குவிந்ததே சிறந்ததென்று முடிவு கட்டிவிடலாகாது. குவிந்த கண்ணாடியில் உருவம் சிறுத்துவிடுகிறது. 100 அடியில் வரும் பஸ், தட்டைக் கண்ணாடியில் 270 அடிக்கு அப்பால் வருவதுபோல அதில் தோன்றும். "அது தூரத்தில்தானே இருக்கிறது" என்று எண்ணித் திரும்பியவர் ஏமாந்துபோவார்.

25 அடி நீளமுள்ள டிராக்டரும் டிரெய்லரும் மெதுவாக வலப்புறம் திரும்பிச் சாலையை விட்டு முற்றிலும் நீங்க 8 நொடி ஆகுமென்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அந்த 8 நொடியில் 400 அடிக்கு மேல் வந்துவிடும். ஆகவே வலப்புறக் கண்ணாடி 400 அடி தூரத்தையும் மயக்கமின்றிக் காட்ட வேண்டும். அதற்கு உரியது தட்டைக் கண்ணாடியே. உயரம் ஓரடிக்குக் குறையாமல் இருத்தல் நலம். பக்கத்தில் ஒட்டி வருவோரைக் காண, அதன் கீழே குவிந்த சிறு கண்ணாடி ஒன்றைத் தனியே பொருத்திக்கொள்ளலாம். இடப்புறத்தில் தூரத்தைவிட அண்மையே முக்கியம். சாலை ஓரமாக நுழைந்து வரும் சைக்கிளையும், வாய்க்கால் கரையையும், டிரெய்லரின் சக்கரத்தையும் அங்கே காண வேண்டியிருப்பதால் குவிந்த கண்ணாடி பொருத்தமானது. வாங்கும்போது கடை வாசலிலேயே ஒரு மின்கம்பத்தை அதில் நோக்குக. கண்ணாடியை மெல்ல அசைக்கையில் கம்பம் நெளிந்து தோன்றினால் அக்கண்ணாடி மட்டமானது.

எவ்வளவு சிறந்த கண்ணாடியாயினும் அதன் உதவிக்கு எல்லையுண்டு. டிராக்டர் வலப்புறம் திரும்பத் தொடங்கியவுடன் வலக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கப் பலகையே நிறைந்துவிடும். இடக் கண்ணாடி வேறெங்கோ நோக்கும். எனவே பார்க்க வேண்டியதையெல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே பார்த்துவிட்டு, சைகை விளக்கிட்டு, மறுபடியும் ஒருமுறை பார்த்த பின்னரே திருப்ப வேண்டும். டிரெய்லருக்கு நேர் பின்னே இருப்பது எந்தப் பக்கக் கண்ணாடியிலும் தெரியாது. களத்தில் நெல் காயும் நாட்களில் குழந்தைகள் டிரெய்லரின் நிழலில் வந்து உட்காருவது வழக்கம். பின்னோக்கி ஓட்டுவதற்கு முன் இஞ்சினை நிறுத்தி, இறங்கி, சுற்றிவந்து பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது. பெரியவர் ஒருவர் ஓட்டுபவரின் கண்ணில் படும்படி பக்கத்தில் நின்று கைகாட்டுவது நலம். பின்னால் நின்று கூவுவதில் பயனில்லை.

பொருத்திய கண்ணாடியைச் சோதிக்கும் முறை எளிது. பாரம் ஏற்றிய டிரெய்லருடன் டிராக்டரை நேரான இடத்தில் நிறுத்தி, ஓட்டுபவர் தம் இருக்கையில் வழக்கம்போல் அமர வேண்டும். மற்றொருவர் டிரெய்லரின் பின்மூலையிலிருந்து இரண்டடி வெளியே தள்ளி நின்று, அங்கிருந்து நேர்கோட்டில் 50 தப்படி பின்னோக்கி நடக்க வேண்டும். நடந்தவர் ஓரிடத்திலும் கண்ணாடியிலிருந்து மறையாதிருந்தால் அமைப்பு சரி. மறைந்தால் கையை நீட்டவேண்டும், அல்லது பாரத்தைக் குறைக்கவேண்டும். இரு பக்கமும் இவ்வாறே செய்க. வாடகை டிராக்டர்களில் ஓட்டுபவர் மாறுந்தோறும் உயரமும் மாறுவதால், ஒருவர் வைத்த கோணம் அடுத்தவர்க்கு உதவாது. சோதனையைத் திரும்பச் செய்தல் வேண்டும். தை மாதப் பனியிலும் கதிரடிக்கும் தூசியிலும் கண்ணாடி விரைவில் மங்கிவிடும் என்பதால், ஈரத்துணி ஒன்று எப்பொழுதும் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். டிரெய்லரின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு வில்லைகள் பற்றி முன்பே பலரும் எழுதியிருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

இச்சோதனைக்கு ஏற்ற இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையமே. அங்கே டிராக்டர்கள் மூட்டைகளுடன் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. ஓட்டுபவர்க்கும் வேறு வேலை இராது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் அறுவடை தொடங்கும் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் அங்கு சென்று, வரிசையில் நிற்கும் ஒவ்வொரு டிராக்டருக்கும் மேற்சொன்ன 50 தப்படிச் சோதனையைச் செய்து காட்டலாம். ஒரு வண்டிக்குச் சில நிமிஷங்களே பிடிக்கும். கண்ணாடி அறவே இல்லாத வண்டிகளின் சொந்தக்காரரைக் குறித்துக்கொண்டு, அடுத்த நடைக்கு முன் பொருத்திவருமாறு கூறுவது நலம். வைக்கோல் ஏற்றும் வண்டிகள் கொள்முதல் நிலையத்துக்கு வாராவாதலால், அவற்றைக் களத்திலேயே, பாரம் கட்டி முடித்துக் கயிறு இறுக்கும் வேளையில் பார்க்க வேண்டும்.