வெண்ணெய்நல்லூர் வழக்கு

வெண்ணெய்நல்லூர் வழக்கு என்பது சுந்தரமூர்த்தி நாயனாரைத் தன் வழிவழி அடிமை என உரிமை கோரி முதியவர் ஒருவர் திருவெண்ணெய்நல்லூர் ஊர்ச்சபையில் தொடுத்ததாகக் கூறப்படும் வழக்கு ஆகும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணம் என்னும் பகுதியில் இது விரிவாக இடம்பெற்றுள்ளது. சைவ மரபில் இது இறைவன் அடியாரை ஆட்கொண்ட திருவிளையாடலாகப் போற்றப்படுகிறது. அதே வேளையில், பழந்தமிழகத்தில் வழக்கு எவ்வாறு விசாரிக்கப்பட்டது, எவை சான்றுகளாக ஏற்கப்பட்டன என்பவற்றை அறியவும் இப்பகுதி உதவுகிறது. ஒருவர் சுதந்திர மனிதரா, அடிமையா என்பதே இவ்வழக்கின் வினா. இதே வினா பண்டைய உரோமை நீதிமன்றங்களிலும் எழுந்துள்ளதால் இரு சட்ட மரபுகளையும் ஒப்பிட இவ்வழக்கு வாய்ப்பளிக்கிறது.

பின்னணி

சுந்தரரின் இயற்பெயர் நம்பி ஆரூரர். இவர் திருநாவலூரில் சடையனார், இசைஞானியார் ஆகியோருக்குப் பிறந்தார். திருமுனைப்பாடி நாட்டின் தலைவர் நரசிங்க முனையரையர் இவரை வளர்த்தார். இவரது காலம் பொதுவாக 8ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகிறது. தென்பெண்ணை, கெடிலம் ஆகிய ஆறுகள் பாயும் இன்றைய பண்ருட்டி வட்டாரமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் திருமுனைப்பாடி நாட்டில் அடங்கியிருந்தன.

வெண்ணெய்நல்லூரில் இறைவன் தம்மை ஆளாகக் கொண்ட செய்தியைச் சுந்தரரே தமது திருநாவலூர்ப் பதிகத்தில் குறிப்பிட்டுள்ளார். ஆனால் விசாரணையின் விரிவான விவரங்கள் சேக்கிழாரின் நூலிலேயே கிடைக்கின்றன. சேக்கிழார் சோழ அரசில் உயர் பதவி வகித்தவர் என்பது மரபு. எனவே இதில் காணப்படும் நீதிமுறை, சுந்தரரின் காலத்தைக் காட்டிலும் சேக்கிழாரின் காலத்து நடைமுறையையே கூடுதலாகக் காட்டுகிறது எனக் கொள்வது பொருத்தமாகும்.

வழக்கு எழுந்த விதம்

நம்பி ஆரூரருக்கும் புத்தூர்ச் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளுக்கும் திருமணம் நிகழவிருந்தது. அப்போது மணப்பந்தலுக்கு முதிய அந்தணர் ஒருவர் வந்தார். தமக்கும் மணமகனுக்கும் இடையே ஒரு வழக்கு உள்ளது என்றும், அதனை முடித்த பின்னரே திருமணம் நடைபெற வேண்டும் என்றும் கூறினார். மணமகன் தம் அடிமை என்பதே அவரது கூற்று. அந்தணர் ஒருவர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது உண்டோ என்று நம்பி நகைத்து, அவரைப் பித்தன் என்றார்.

நம்பியின் பாட்டனார் எழுதித்தந்த ஆளோலை தம்மிடம் இருப்பதாக முதியவர் கூறினார். நம்பி அவ்வோலையை வலிந்து பறித்துக் கிழித்துவிட்டார். தாம் வெண்ணெய்நல்லூரைச் சேர்ந்தவர் என முதியவர் தெரிவித்ததால், வழக்கு அவ்வூர்ச் சபைக்குச் சென்றது.

விசாரணை முறை

சபையில் நடந்த விசாரணையைப் பின்வரும் படிநிலைகளாகப் பிரித்து அறியலாம்.

1. முறையீடு: தம் அடிமை ஓலையைக் கிழித்துவிட்டதாக முதியவர் சபையோரிடம் முறையிட்டார்.
2. வழக்கத்தை நோக்குதல்: அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் உலகில் இல்லையே எனச் சபையோர் முதியவரை வினவினர்.
3. எதிர்தரப்பை வினவுதல்: உடன்பாட்டால் எழுதப்பட்ட ஓலையை வலிந்து வாங்கிக் கிழிப்பது வெற்றியாகாது என நம்பியிடம் கூறி, அவரது கருத்தைக் கேட்டனர். தாம் ஆதிசைவர் என்பதைச் சபையோர் அறிவர் என்றும், முதியவரின் கூற்று தமக்கு விளங்காத மாயையாக உள்ளது என்றும் நம்பி கூறினார்.
4. மெய்ப்பிக்கும் பொறுப்பு: உரிமை கோரியவரே அதனைச் சான்று காட்டி நிலைநாட்ட வேண்டும் எனச் சபை பணித்தது.
5. ஆவணம் அளித்தல்: கிழிக்கப்பட்டது படியோலை, அதாவது நகல் மட்டுமே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் கூறினார். இதுவும் கிழிக்கப்படாமல் காப்பதற்குச் சபையின் உறுதியைப் பெற்ற பின்னரே அவர் அதனைக் காட்டினார்.
6. வாசித்தல்: கரணத்தான் எனப்படும் ஊர்க்கணக்கர் ஓலையை வாங்கிச் சபையில் வாசித்தார்.
7. சரிபார்த்தல்: சாட்சிகளின் கையெழுத்தும் எழுதியவரின் கையெழுத்தும் ஆராயப்பட்டன.
8. தீர்ப்பு: சபையோர் தம் முடிவை அறிவித்தனர்.

இரு தரப்பினரும் நேரில் கேட்கப்பட்டனர் என்பதும், நம்பி அரசத் தலைவர் வீட்டில் வளர்ந்தவர் என்பதற்காக அவருக்குத் தனிச்சலுகை எதுவும் வழங்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கவை.

மூவகைச் சான்றுகள்

உரிமையை மெய்ப்பிக்க மூன்று வகைச் சான்றுகளுள் ஒன்றைக் காட்டுமாறு சபையோர் கேட்டனர்.

ஆட்சி: நெடுங்காலமாக நிலவிவரும் அனுபவம் அல்லது வழக்கம்.
ஆவணம்: எழுத்து வடிவிலான சான்று.
அயலார் காட்சி: வழக்கில் தொடர்பற்ற பிறர் கண்டு கூறும் சாட்சியம்.

வடமொழி அறநூலான யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் எழுத்து, அனுபவம், சாட்சி ஆகிய மூன்றையே சான்றுகளாகக் கூறுகிறது. இவை மூன்றும் இல்லாதபோது மட்டுமே தீ, நீர் முதலியவற்றைக் கொண்டு செய்யும் தெய்வச் சோதனைகளை அந்நூல் அனுமதிக்கிறது.

வருண முறையில் உயர்ந்தவர் தாழ்ந்தவருக்கு அடிமையாதல் கூடாது என்பதும் அறநூல்களின் விதி. நம்பியின் எதிர்வாதமும் சபையோரின் முதல் ஐயமும் இவ்வாறான வருண வழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டவை. அடிமைமுறையே தவறு என்று சபையில் எவரும் வாதிடவில்லை. இன்ன பிரிவினர் அடிமையாகலாகாது என்ற அளவிலேயே வாதம் நின்றது. அக்காலச் சமூகத்தின் எல்லையை இதிலிருந்து அறியலாம்.

ஆவணமும் அதன் சரிபார்ப்பும்

ஓலையை எழுதியவர் நம்பியின் பாட்டனார். அவரது பெயரும் ஆரூரன் என்பதே. தாமும் தம் மரபில் வருபவர்களும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு வழித்தொண்டு செய்வதற்கு உடன்பட்டு எழுதித்தந்ததாக அதன் வாசகம் அமைந்திருந்தது. மணப்பந்தலில் நம்பி இகழ்ந்து கூறிய பித்தன் என்னும் சொல் ஆவணத்தில் உரிமையாளரின் பெயராகவே இருந்தது.

சரிபார்ப்பு இரண்டு கட்டங்களாக நடந்தது. முதலில், ஓலையில் சாட்சிக் கையெழுத்திட்டிருந்தவர்களின் எழுத்து நோக்கப்பட்டு, சரியானது எனக் கண்டறியப்பட்டது. அடுத்து, எழுத்து பாட்டனாருடையதா எனப் பார்க்குமாறு நம்பியிடம் கூறப்பட்டது. இதனை முதியவர் மறுத்தார். பாட்டனாரின் எழுத்தைப் பேரன் எவ்வாறு அறிவான் எனக் கேட்ட அவர், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை இருப்பின் அதனுடன் ஒப்பிடுமாறு வேண்டினார். பாதுகாப்பில் இருந்த மற்றோர் ஓலை வருவிக்கப்பட்டு, இரண்டும் ஒப்புநோக்கப்பட்டன. எழுத்துகள் ஒத்திருந்தன.

இதிலிருந்து, பழைய ஓலைகள் முறையாகப் பேணப்பட்டன என்பதும், ஐயத்திற்கு இடமற்ற ஓர் எழுத்தை அளவுகோலாகக் கொண்டு ஐயத்திற்குரிய எழுத்தைச் சோதிக்கும் முறை அறியப்பட்டிருந்தது என்பதும் புலனாகின்றன.

தீர்ப்பு

நம்பி தோற்றார் என்றும், முதியவருக்குப் பணி செய்வதே அவரது கடமை என்றும் சபையோர் தீர்ப்பளித்தனர். நம்பியும் அதனை ஏற்றார். பின்னர், இவ்வூரைச் சேர்ந்தவர் என ஆவணம் கூறுவதால், தமது வீட்டைக் காட்டுமாறு முதியவரைக் கேட்டனர். அவர் அனைவரையும் அழைத்துச் சென்று திருவருட்டுறை என்னும் சிவன் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். வந்தவர் சிவபெருமான் என்பதை நம்பி அப்போது உணர்ந்தார். பித்தா எனத் தொடங்கும் தமது முதல் தேவாரப் பதிகத்தை அங்குப் பாடினார் என்பது வரலாறு.

கல்வெட்டுச் சான்றுகள்

பெரியபுராணம் கூறும் அமைப்புகள் கற்பனையானவை அல்ல. பிராமணர் குடியிருப்புகளில் சபையும் ஏனைய ஊர்களில் ஊரார் அவையும் இயங்கியதைச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான தகுதிகளை வரையறுக்கின்றன. கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் தகுதியற்றவர்கள் என்பது அவற்றுள் ஒன்று. ஆவணங்களைப் பதிவு செய்யும் இடம் ஆவணக்களரி எனப்பட்டது.

மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டதற்கும் சான்றுகள் உள்ளன. கி.பி. 1201இல் பஞ்சத்தின்போது வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுகளுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்டார் என ஒரு கல்வெட்டு தெரிவிக்கிறது. பெரியபுராணத்தில் பக்தியின் குறியீடாக விளங்கும் ஆளோலை, நடைமுறையில் வறுமையின் ஆவணமாகவும் இருந்தது.

ஒருவரது செயல் அவரது சுற்றத்தாரையும் கட்டுப்படுத்தும் என்ற கருத்தும் அக்காலத்தில் நிலவியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு இதற்குச் சான்றாகும். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனக் குறிப்பிடப்படும் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோருடைய சொத்துகளுடன் அவர்களின் உறவினர்களுடைய சொத்துகளையும் கைக்கொள்ளுமாறு மன்னர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஆணையிட்டதை இது கூறுகிறது. இம்மன்னர் முதலாம் இராசராசன் எனப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர்.

உரோமானியச் சட்டத்துடன் ஒப்பீடு

உரோமையில் கி.மு. 451-450 காலப்பகுதியில் பன்னிரு பலகைச் சட்டங்கள் தொகுக்கப்பட்டன. பின்னாளில் உரிமையியல் வழக்குகள் இரு கட்டங்களாக நடந்தன. முதற்கட்டத்தில் பிரீட்டர் என்னும் அதிகாரி வழக்கின் வினாவை வரையறுத்தார். அடுத்த கட்டத்தில் அதற்கென அமர்த்தப்பட்ட நடுவர் சான்றுகளைக் கேட்டுத் தீர்ப்பளித்தார். வெண்ணெய்நல்லூரில் சபையே இவ்விரு பணிகளையும் செய்தது.

ஒருவரின் சுதந்திர நிலை குறித்த வழக்குகளுக்கு உரோமையில் தனி விதிகள் இருந்தன. அடிமை எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமே வாதிட இயலாது. அவருக்காகச் சுதந்திரக் குடிமகன் ஒருவர் முன்வர வேண்டும். இவ்விதியை 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் நீக்கினார். நம்பி தம் தரப்பைத் தாமே எடுத்துரைத்தார் என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

உரோமை வரலாற்றாசிரியர் லிவி, வெர்ஜீனியா என்னும் இளம்பெண்ணின் வழக்கை விவரிக்கிறார். கி.மு. 449இல் அப்பியஸ் கிளாடியஸ் என்னும் ஆட்சியாளர் அவளை அடைய விரும்பினார். அவரது ஏவலால் ஒருவர் அவளைத் தம் அடிமை என உரிமை கோரினார். வழக்கை விசாரித்தவரும் அப்பியசே. தீர்ப்பு வரும் வரை அவள் சுதந்திரப் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்ற விதி அவருக்குத் தடையாக இருக்கவில்லை. வேறு வழியின்றித் தந்தையே மகளைக் குத்திக் கொன்றார். இதனால் எழுந்த கிளர்ச்சியில் அப்பியசும் அவருடன் ஆண்ட குழுவினரும் பதவி இழந்தனர். இதுவும் தொன்மக் கூறுகள் கலந்த கதையே. எனினும், உரிமை கோருபவரின் கையாளாக நடுவர் இருந்தால் சட்டம் பயனற்றுப் போகும் என்பதை இது உணர்த்துகிறது.

ஆவணச் சான்றுக்கு எர்குலேனியம் நகரில் கிடைத்த மெழுகுப் பலகைகள் எடுத்துக்காட்டாகும். கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை வெடித்தபோது புதையுண்ட அந்நகரில், பெட்ரோனியா யூஸ்தா என்னும் பெண் பிறந்தபோது அவளுடைய தாய் அடிமையாக இருந்தாளா, விடுதலை பெற்றிருந்தாளா என்பது குறித்த சாட்சியங்கள் எழுதப்பட்ட பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பது உரோமானிய விதி.

முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. தனியார் செய்துகொள்ளும் உடன்பாடு சுதந்திர மனிதர் ஒருவரை அடிமையாக்க இயலாது என்பது உரோமானியச் சட்ட வல்லுநர்களின் கொள்கை. ஆகவே, பாட்டன் எழுதிய ஓலையால் பேரன் அடிமையாவது அச்சட்டத்தின்படி செல்லாது. போரில் பிடிபட்டோரையும் அடிமைத் தாய்க்குப் பிறந்தோரையும் அதே சட்டம் பெருந்தொகையில் அடிமைகளாக வைத்திருந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்றைய சட்டம்

வெண்ணெய்நல்லூர்ச் சபை பின்பற்றிய சான்று விதிகள் பலவற்றின் இணைகளை இன்றும் காணலாம். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தில் மூல ஆவணமே முதனிலைச் சான்று எனப் பிரிவு 62 கூறியது. ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்துடன் ஐயத்திற்குரிய எழுத்தை ஒப்பிடப் பிரிவு 73 வழிசெய்தது. 2024 சூலை 1 முதல் இச்சட்டத்திற்கு மாற்றாக பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறைக்கு வந்தது. இவ்விரு விதிகளும் அதிலும் தொடர்கின்றன.

ஆனால் வழக்கின் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. 1843ஆம் ஆண்டின் இந்திய அடிமைமுறைச் சட்டத்திற்குப் பின்னர் அடிமை உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. முன்னோர் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் உழைக்க வேண்டும் என்னும் எந்த ஒப்பந்தமும் இதன்படி செல்லாது. ஓலை உண்மையானதா என்று கேட்டதுடன் வெண்ணெய்நல்லூர்ச் சபையின் பணி முடிந்தது. அத்தகைய ஓலையை எழுதவே ஒருவருக்கு உரிமை உண்டா என்பது இன்றைய சட்டம் கேட்கும் முதல் வினா ஆகும்.

தொடர்புடைய இடங்கள்

திருநாவலூர்: சுந்தரர் பிறந்த ஊர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.
மணம்தவிழ்ந்தபுத்தூர்: திருமணம் தடைபட்ட புத்தூர். கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில் உள்ளது. தடைபட்ட திருமணத்தின் நினைவை ஊர்ப்பெயரே தாங்கி நிற்கிறது.
திருவெண்ணெய்நல்லூர்: வழக்கு நடந்த ஊர். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது.
திருவதிகை: பண்ருட்டியின் ஒரு பகுதி. திருநாவுக்கரசர் தொண்டு செய்த தலம் என்பதால் அதனை மிதிக்க அஞ்சிய சுந்தரர், அருகிலுள்ள சித்தவடமடத்தில் தங்கினார் எனப் பெரியபுராணம் கூறுகிறது.
சிதம்பரம்: பெரியபுராணம் அரங்கேறிய இடம் என்பது மரபு.

இவற்றையும் பார்க்க

பெரியபுராணம்
சுந்தரமூர்த்தி நாயனார்
உத்திரமேரூர்க் கல்வெட்டு
உடையார்குடிக் கல்வெட்டு
பன்னிரு பலகைச் சட்டங்கள்