வாடிக்கையாளர் நம்பரும் மனை கமிஷனும்



மணலி புதுநகர் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்துபவர்களிடம் அரிசி, பருப்பு அல்லாத வேறொரு சரக்கையும் இப்போது கேட்டு வருகிறார்கள். நம் வாடிக்கையாளர்களின் செல்போன் நம்பரும் மின்னஞ்சல் முகவரியும்தான் அந்தச் சரக்கு. கேட்பவர்கள் மனை விற்பவர்கள். "அண்ணாச்சி, டோர் டெலிவரி நோட்டில் உள்ள நம்பர்களை மட்டும் கொடுங்கள். செய்தி அனுப்புவது எங்கள் வேலை. மனை விற்றால் உங்களுக்குக் கமிஷன்" என்கிறார்கள். முதல் போடாமல் லாபம் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இதில் நாம் போடும் முதல் எது என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும்.

மொத்த அஞ்சல் என்றால் என்ன?

முன்பெல்லாம் மனை விற்பவர்கள் நாளிதழுக்குள் துண்டு நோட்டீஸ் வைத்து அனுப்பினார்கள், சுவரில் எழுதினார்கள், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினார்கள். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இதற்கென்றே உள்ள இணையதளங்களில் பணம் கட்டி, முகவரிப் பட்டியலை ஏற்றிவிட்டால், ஒரே கடிதம் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சில நிமிடங்களில் போய்விடும். எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்கள், எத்தனை முகவரி தவறு என்ற கணக்கும் வந்துவிடும்.

இது புதிய யோசனை அல்ல. 1978-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அலுவலர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வியாபாரமும் நடந்தது, வசவும் கிடைத்தது. இன்றுவரை இத்தொழிலின் நிலைமை அதுதான்.

கேளாமல் அனுப்பினால்

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் சேவை ஒரு கட்டுப்பாடு வைத்துள்ளது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்குக் கடிதம் அனுப்புபவர், அனுப்புவது தாம்தான் என்பதற்கான அடையாளப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். விளம்பரக் கடிதம் வேண்டாம் என்பவர் ஒரே தட்டில் விலகிக்கொள்ளவும் வழி செய்ய வேண்டும். 'இது தொல்லை' என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் முகம் சுளித்தாலே போதும், அதற்குப் பிறகு கடிதங்கள் குப்பைத் தொட்டிக்குப் போக ஆரம்பித்துவிடும். விலைக்கு வாங்கிய பட்டியலில் அந்த மூன்று பேர் கிடைப்பது கஷ்டமா?

செல்போன் செய்தியில் விதி இன்னும் கடுமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, விளம்பரச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன்னையும், அனுப்பும் பெயரையும், செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விளம்பரம் வேண்டாதவர்கள் 1909-ல் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ரியல் எஸ்டேட் விளம்பரத்தை மட்டும் தனியே நிறுத்தவும் அதில் வழி உண்டு.

பதிவு செய்யாமல் சாதாரண நம்பரிலிருந்து அனுப்பினால் என்ன ஆகும்? 2025-ல் திருத்திய விதிப்படி, 10 நாட்களுக்குள் 5 பேர் புகார் செய்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் தவறுக்கு 15 நாட்கள் அந்த நம்பரிலிருந்து வெளியே பேசவோ செய்தி அனுப்பவோ முடியாது. மறுபடியும் செய்தால் ஓராண்டு இணைப்பே துண்டிப்பு. ஆகவே "உங்கள் கடை நம்பரிலிருந்தே அனுப்புங்கள் அண்ணாச்சி, ஜனங்கள் நம்புவார்கள்" என்று யாராவது சொன்னால் யோசிக்க வேண்டும். ஆர்டர் எடுக்கிற போன், பாக்கி கேட்கிற போன், சரக்குக்குச் சொல்கிற போன் எல்லாம் அந்த ஒரே நம்பர்தானே? 15 நாள் அது முடங்கினால் கடையில் பாதி முடங்கியது போல.

கமிஷன் வாங்கினால் நாமும் ஏஜென்ட்

இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டுக்கு மேல் உள்ளவர், ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். இது மின்னஞ்சலுக்கும் பொருந்தும்.

அதே சட்டத்தில், வாங்குபவரையும் விற்பவரையும் எந்த வழியிலாவது அறிமுகப்படுத்திக் கமிஷன் பெறுபவர் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்று சொல்லியிருக்கிறது. அவரும் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். மொத்தத்தில் அந்த மனை விலையின் 5 சதவீதம் வரை போகலாம். 20 லட்ச ரூபாய் மனை என்றால் பத்தே நாளில் ஒரு லட்சம். கிடைக்கிற கமிஷன் இதற்கு ஈடாகுமா என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மண் எப்படி?

விளம்பரக் கடிதத்தில் 'துறைமுகச் சாலை அருகில்', 'கம்பெனிகள் பக்கத்தில்' என்றெல்லாம் இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது இருக்காது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து மணலி புதுநகரைச் சூழ்ந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் வட்டாரம் பட்ட பாட்டையும் நாம் மறக்க முடியாது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோது, சீட்டுப் பணம் போட்டு மனை வாங்கியவர்கள் எத்தனை பேர் தவித்தார்கள்!

நம்மிடம் நம்பர் வாங்கிப் போனவர் விற்ற மனையில் வில்லங்கம் வந்தாலும், இடுப்பளவு தண்ணீர் நின்றாலும், வாடிக்கையாளர் தேடி வருவது நம் கடைக்குத்தான். மனை விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கடையைத் தூக்கிக்கொண்டு நாம் எங்கே போவது?

முறையாகச் செய்ய வழி

இத்தொழிலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பதிவு செய்துகொண்டு துணைத் தொழிலாக முறைப்படி செய்பவர்கள் இவற்றைக் கவனிக்கலாம்.

1. மனை விளம்பரம் வேண்டுமா என்று வாடிக்கையாளரைக் கேட்டு, சம்மதித்தவர் பெயரை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள். சாமான் அனுப்பத் தந்த நம்பர் சாமான் அனுப்ப மட்டுமே. 2023-ம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இந்தச் சம்மதம்தான்.

2. பட்டியலை யாருக்கும் கைமாற்றாதீர்கள். அனுப்புவதாக இருந்தால், பதிவு பெற்ற சேவை மூலம் உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள்.

3. அனுப்பும் முன் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகார எண், ஆணையப் பதிவு எண், பட்டா, வில்லங்கச் சான்று நான்கையும் பாருங்கள். மழை பெய்யும்போது ஒருமுறை நேரில் போய் மனையில் நில்லுங்கள்.

4. வேண்டாம் என்றவரின் பெயரை அன்றே அடித்துவிடுங்கள்.

சம்மதித்த ஐம்பது பேர் பட்டியல், சம்மதமில்லாத ஐயாயிரம் பேர் பட்டியலைவிட மேலானது. பற்று எழுதி, பண்டிகைக்குக் கடன் கொடுத்து, எடை குறையாமல் நிறுத்து, பல வருடங்களாகச் சேர்த்த நம்பிக்கைதான் அந்த நோட்டில் நம்பராக இருக்கிறது. அதை ஒரு மனைக் கமிஷனுக்கு விற்றால் திரும்பக் கொள்முதல் செய்ய எந்த மார்க்கெட்டிலும் வழியில்லை. வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.