முதல் ஆழாக்கு

“ஏனுங்க, எங்கூர்ல எல்லார் கையிலயும் 5ஜி போன் இருக்குது. எங்க வெப்சைட் மட்டும் ஏனுங்க இன்னும் சுத்தீட்டே நிக்குது?” பீளமேட்டில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தளத்தில் ஏஐ சாட்பாட் வைத்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஒருவர் விலைப்பட்டியலோடு வந்து போனாராம். அதையும் எழுதியிருக்கிறார்.

விலைப்பட்டியல் ஓரமாக இருக்கட்டும். 2014 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 25 கோடியாக இருந்த இணைய இணைப்புகள் 2024 மார்ச்சில் 95 கோடியைத் தாண்டிவிட்டன. கூடிய 70 கோடியில் மிகப் பெரும்பகுதி கைபேசி வழி வந்தது. தளத்தின் கைபேசி வடிவத்தைப் படித்துத்தான் இனி வரிசைப்படுத்துவோம் என்று கூகுளும் 2016-லேயே சொல்லிவிட்டது. ஆக, உங்கள் ஷோரூமுக்கு வருகிறவர் இப்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நிற்கிறார்.

நானும் அப்படியே பல்லடம் பஸ்ஸில் நின்று, சூலூரில் அந்தத் தளத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் வெள்ளைத் திரை. பிறகு கிரைண்டர் படம் ஒன்று மேலிருந்து கீழே தவணை முறையில் இறங்கியது. அதன் பின்னால் இன்னும் நான்கு. தொலைபேசி எண் கடைக்கோடியில் இருந்தது, அதுவும் படமாக. தொட்டால் டயல் ஆகாது.

5ஜி பாதையை அகலமாக்கும், கடலைச் சுருக்காது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் இங்கிருந்து கேட்டுப் பதில் வாங்கக் கால் நொடி ஆகிவிடும். கால் நொடிதானே என்கிறீர்களா? எத்தனை கால் நொடி என்பதுதான் விஷயம்.

எனக்கு மிகப் பிடித்த சங்கதி இங்கேதான் வருகிறது. பாதை எவ்வளவு தாங்கும் என்று சர்வருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பாது. முதலில் பத்துப் பொட்டலம், அதாவது சுமார் 14 கேபி. “வந்து சேர்ந்தது” என்று போன் சொன்ன பிறகு 20, அடுத்து 40, அப்புறம் 80. ஊறின அரிசியைக் கிரைண்டரில் போடுவதும் இப்படித்தான்: கொஞ்சம் போட்டு, கல் திணறாமல் சுற்றுகிறதா என்று காது கொடுத்துவிட்டு அடுத்ததைப் போடுவோம். நம் முகத்தலளவையும் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. முதல் நடை ஆழாக்கு, நான்காவது நடை படி. அதற்கு மேல் கொங்குநாட்டு வள்ளம் நான்கு படியாகிவிடுவதால், இரண்டு படிக்கு யாராவது ஒரு பெயர் வைத்தால்தான் என் உவமை தப்பிக்கும். போதாக்குறைக்கு, தொலைந்த பொட்டலத்தைப் போன் கேட்பதுபோல, அரைபடாத அரிசியை “மறுபடி அனுப்பு” என்று திருப்பிக் கேட்கிற கிரைண்டரை பீளமேட்டிலும் இன்னும் யாரும் செய்யவில்லை.

கணக்குப் போடுங்கள். 2 எம்பி பக்கம் இறங்கி முடிய 8 நடை. அதற்கு முன்பே போனும் சர்வரும் கைகுலுக்கவும் ரகசியச் சாவி மாற்றிக்கொள்ளவும் 2 நடை. பத்துக் கால் நொடி, இரண்டரை நொடி. பாதை ஆறு வழிச்சாலையாக இருந்தாலும் இதே கதைதான். பஸ் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும்போது சில பொட்டலங்கள் தொலையும். சர்வர் அதை நெரிசல் என்று எண்ணி அளவைக் குறைத்துக்கொள்ளும். மும்பையில் சர்வர் இருந்தால் இதே பத்து நடையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

வரலாறு வேண்டுமென்றால்: 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த இரு இடங்களுக்கு நடுவே, நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு நெரிசலில் 40 பிட்டுக்குச் சரிந்தது. கணினி ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-ல் மருந்து சொன்னார்: அளவாகத் தொடங்கு. அப்போது ஒரே பொட்டலம். 2013-ல்தான் அது பத்து ஆனது. வரலாறு போதும்.

வாசகருக்கு என் பதில் இதுதான். கம்பெனி பெயர், கிரைண்டரின் லிட்டர் அளவு, விலை, தொட்டால் டயல் ஆகும் எண் எல்லாம் முதல் ஆழாக்கிலேயே போய்ச் சேரட்டும். படங்களைச் சுருக்கிப் பின்னால் அனுப்புங்கள். சர்வரை இந்தியாவுக்குக் கொண்டுவாருங்கள். தமிழில் எழுதினால் கனம் கூடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். ‘கோயம்புத்தூர்’ தமிழில் 39 பைட், ஆங்கிலத்தில் 10 என்பது உண்மைதான். ஆனால் அனுப்பும்போது எழுத்து நன்றாகச் சுருங்கும். இந்தக் கட்டுரை முழுவதுமே முதல் ஆழாக்கில் அடங்கி, இடமும் மிஞ்சும். உங்கள் முகப்புப் படம் ஒன்றுகூட அடங்காது.

சாட்பாட்காரர் மறுபடி வந்தால் விலையைக் கேட்க வேண்டாம். அது எத்தனை ஆழாக்கு என்று கேளுங்கள்.