கணையச் செல்களுக்கு ஒரு காப்புறை

"டாக்டர், செல்லை உடம்புக்குள் வைத்துத் தைத்துவிட்டால் இன்சுலின் ஊசியே வேண்டாமாமே? நம் பிள்ளைக்கும் செய்யலாமா?" கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்துவிட்டு, முதல் வகை நீரிழிவு உள்ள சிறுமியின் தாயார் அண்மையில் கேட்டார். பலருக்கும் எழும் வினா இது.

முதல் வகை நீரிழிவில், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. இறந்த கொடையாளரின் கணையத்திலிருந்து அச்செல்களைப் பிரித்தெடுத்துப் பொருத்தும் முறை உண்டு. கனடாவின் எட்மன்டன் நகர மருத்துவர்கள், இவ்வாறு 7 பேர் ஊசியின்றி வாழ முடிந்ததை 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். எனினும், புதிய செல்களை உடல் நிராகரிக்காதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அவற்றால் தொற்றுகளும் சிறுநீரகப் பாதிப்பும் நேரக்கூடும்.

உறை செய்யும் வேலை

அம்மருந்துகளைத் தவிர்க்கும் முயற்சியே காப்புறை. கொசுவலைக்குள் காற்று வரும், கொசு வராது. அதுபோல, உறையின் நுண்துளைகள் வழியே ஆக்சிஜனும் சர்க்கரையும் உள்ளே செல்லும். இன்சுலின் வெளியே வரும். தாக்கவரும் செல்கள் நுழைய இயலாது.

கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் உறையில் செல்களைப் பொதிந்து, எலிகளின் நீரிழிவைச் சில வாரங்கள் கட்டுப்படுத்தியதாக 1980இல் ஆய்வு வெளிவந்தது. நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவன ஆய்வாளர்களும், சுண்டெலிச் செல்களை உறையிலிட்டு எலிகளின் நீரிழிவை மாற்றியதை 2011இல் வெளியிட்டனர்.

தடை எங்கே?

மனித உடல் உறையை அந்நியப் பொருளாகக் கருதி, அதைச் சுற்றித் தழும்புத் திசுவை வளர்க்கிறது. ஆக்சிஜன் குறைந்து உள்ளிருக்கும் செல்கள் மடிகின்றன. அமெரிக்காவின் வெர்டெக்ஸ் நிறுவனம், போதிய இன்சுலின் சுரக்காததால் தன் காப்புறைச் சோதனையை 2025இல் கைவிட்டது. அதே நிறுவனம் குருத்தணுக்களிலிருந்து உருவாக்கிய செல்களை, உறையின்றி 12 பேருக்குச் செலுத்தியதில், ஓராண்டுக்குப் பின் 10 பேருக்கு ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அவர்களுக்கும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தேவைப்பட்டன.

நீங்கள் செய்ய வேண்டியது

காப்புறைச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. செல் சிகிச்சையால் நீரிழிவை முற்றிலும் குணப்படுத்துவதாகக் கூறி எவரேனும் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் எங்களிடம் கலந்து பேசுங்கள்.

எந்நிலையிலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். முதல் வகை நீரிழிவில் ஓரிரு நாள் நிறுத்தினாலும் இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்து நேரலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "புதிய சிகிச்சை வரும் நாளில் பிள்ளையின் கண்ணும் சிறுநீரகமும் நலமாக இருக்க வேண்டும். அதற்கு இன்றைய ஊசியே துணை."