கொல்லிமலை யாருடையது?

மாணவ நண்பர்களே,

கணினியிலும் கைப்பேசியிலும் வரும் கார்ட்டூன் தொடர்களைக் கண்டு களிப்பதோடு நீங்கள் நிற்பதில்லை. அவற்றைக் குறித்து வழக்காடவும் செய்கிறீர்கள். "முதற் கதையில் இடக்கையால் வாள் ஏந்தியவன் ஐந்தாம் கதையில் வலக்கையால் ஏந்துவது எப்படி?" என்று ஒருவர் வினவுவார். "இறந்தவன் மறுபடியும் வருகிறானே!" என்று மற்றொருவர் வியப்பார். பெரியவர்கள் சிலர் இதனை வீண் பேச்சு என்று ஒதுக்குவர். நான் அவ்வாறு ஒதுக்கத் துணியேன். அதற்குக் காரணம் கொல்லிமலை.

சென்ற ஆடித் திங்களில், வல்வில் ஓரி விழாவைக் காணக் கல்லூரி மாணவர் சிலருடன் அம்மலைக்குச் சென்றேன். நாமக்கல் மாவட்டத்திலுள்ள அம்மலையின் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வழியில் ஒரு மாணவர் கையிலிருந்த குறுந்தொகையைக் காட்டி, "ஐயா, 89ஆம் பாட்டில் கொல்லிமலை பொறையனுடையது, அதாவது சேரனுடையது. 100ஆம் பாட்டில் அது ஓரியினுடையது. சேரன் கைக்குப் போன மலை ஓரியிடம் திரும்பி வந்ததா?" என்று கேட்டார். எஞ்சிய வளைவுகள் கடந்தது எங்களில் எவருக்கும் தெரியவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கும் செய்தி வேறொரு நூலில் இருக்கிறது. முள்ளூர் மன்னனாகிய காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூற்று 209ஆம் பாட்டில் கல்லாடனார் கூறுகிறார். ஓரியை வீழ்த்திய காரி, அவனுடைய பெருந்தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320இல் நினைவூட்டுகிறார். ஆகவே மலை முதலில் ஓரியினுடையது, பின்னர்ச் சேரனுடையது.

அப்படியானால் பாட்டுகள் முன்பின்னாக நிற்பானேன்? தொகை நூல்கள் கால வரிசையில் அமைந்தவை அல்ல என்பதே விடை. அகநானூற்றைப் பாருங்கள்: ஒற்றைப்படை எண்ணுள்ளவை எல்லாம் பாலை, இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. அங்கே பாட்டின் இடத்தை வகுத்தது திணை; காலம் அன்று. நூலில் பின்னே நிற்பது நிகழ்ச்சியிலும் பின்னது என்று கொண்டால், மாண்ட மன்னனை நாமே எழுப்பி நடமாட விடுவோம்.

உடனே மற்றொரு மாணவி ஒரு தடை எழுப்பினார். "குறுந்தொகை 100ஐப் பாடியவரும் கபிலர்தாமே? ஓரியின் மறைவை அறிந்தவர், பழைய உரிமை பற்றி ஓரியின் கொல்லி என்று பிறகும் பாடியிருக்கலாமே?" பாடியிருக்கலாம். மன்னர் மறைந்தாலும் அவர் பெயரால் இடத்தை வழங்குவது நம் நாட்டில் இயல்பே. எனவே, மலை கைமாறியது என்பது துணிந்த செய்தி. இந்தப் பாட்டு அதற்கு முன்னதா பின்னதா என்பது துணியாத செய்தி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

அடுத்து எழுந்தது கொல்லிப்பாவை பற்றிய வழக்கு. அதனைச் செய்தவர் யார்? நற்றிணை 192ஆம் பாட்டு பூதம் என்கிறது. அந்நூலின் 185ஆம் பாட்டும் குறுந்தொகை 89ஆம் பாட்டும் தெய்வம் என்கின்றன. ஒரு பாட்டு 'புணர்த்த' என்னும் சொல்லை ஆள, மற்றவை 'எழுதிய' என்னும் சொல்லை ஆள்கின்றன. அது சிற்பமா, ஓவியமா? காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வரினும் கெடாதது என்று நற்றிணை 201இல் பரணர் பாடுவதைக் காட்டிச் சிலர் கல்லே என்றனர். தெய்வத்தின் கைவண்ணத்துக்கு மழை என்ன செய்யும் என்று சிலர் மறுத்தனர். ஆனால் அது நின்ற இடம் மேற்குச் சரிவு என்பதில் நான்கு பாட்டுகள் ஒத்து நிற்கின்றன. இன்று மலைமேல் கொல்லிப்பாவை என வணங்கப்பெறும் அம்மனுக்கு எட்டுக் கைகள். நான் சொன்ன பாட்டுகளில் எட்டுக் கைகளைப் பற்றிய பேச்சே இல்லை. வழிபாடு ஒரு சான்று, பாட்டு ஒரு சான்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்த முயல்வது முறையன்று.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்திய வேட்டுவனைப் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடுகிறார். இவன் ஓரியோ அல்லனோ என்று பாட்டினுள்ளேயே ஓர் ஐயம் எழுகிறது. மாணவனாயிருந்தபோது அந்த ஐயத்தைப் பற்றிக்கொண்டு, "வில்லாளன் ஓரி என்பதற்குப் பாட்டில் சான்றில்லை" என்று பெருமிதத்தோடு கட்டுரை எழுதினேன். என் ஆசிரியர் சினக்கவில்லை, "இறுதி அடிகளைப் படித்தாயா?" என்று மட்டும் கேட்டார். பாணர் 'கோ' என்று விளித்ததும் அது தன் பெயராகலின் அவன் நாணுகிறான். தன் மலையில் பிறந்த பொன்னை வழங்குகிறான். முடிவில் அவனைக் கொல்லிமலையின் தலைவன் என்றே புலவர் கூறுகிறார். ஐயத்தை எழுப்பியவரே அதைத் தீர்த்தும் வைத்தார். நான்தான் பாதியில் நின்றுவிட்டேன். சிறு குறிப்பைக் கண்டவனுக்கு வரும் செருக்கு, முழுப் பாட்டையும் படிக்க விடாது.

இத்தகைய வழக்கு எல்லா நாட்டிலும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட துப்பறியும் கதையில் டாக்டர் வாட்சனுக்குத் தோளில் குண்டுக் காயம். 1890இல் வெளிவந்த கதையில் அதே காயம் காலில்! அதனை விளக்க அன்பர்கள் எழுதியவை பல. அங்கே மறந்தவர் ஒரே ஆசிரியர். இங்கோ பல புலவர்கள், பல தொகுப்புகள். மேலும் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு மாறும்போது சொற்கள் திரிந்ததும் உண்டு. 1894இல் புறநானூற்றையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பாட வேறுபாடுகளை மறைக்காமல் குறித்து வைத்தார். முரண்பாட்டை அழிப்பது எளிது. அதனைக் காத்துப் பின்வருவோர்க்கு அளிப்பதே புலமை.

மலையிலிருந்து இறங்கும்போது முதலில் கேட்ட மாணவர் மறுபடியும் வாய் திறந்தார். "ஓரியும் வள்ளல், காரியும் வள்ளல். சிறுபாணாற்றுப்படை இருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் புகழ்கிறது. இதில் தீயவன் யார்?" அவர் குரலில் வருத்தம் இருந்தது. எந்தப் பாட்டும் அதற்கு விடை சொல்லவில்லை. ஓரியைக் கொன்ற கையே இரவலர்க்கு வாரி வழங்கிய கை. கதையை நமக்கு ஏற்ப வளைத்தால் காரியைத் தீயவன் ஆக்கலாம். பாட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அது இயலாது.

நண்பர்களே, தாராளமாக வழக்காடுங்கள். ஆனால் மூன்றை மறவாதீர்கள்: முடிவுவரை படியுங்கள், நூலின் வரிசையைக் காலத்தின் வரிசை என்று கொள்ளாதீர்கள், சான்று இல்லாத இடத்தில் ஐயத்தை ஐயமாகவே விடுங்கள். கார்ட்டூனில் பழகிய கூர்மையான கண் கொல்லிமலைக்கும் உதவும்.