எதுவும் உடையவில்லை... ஆனாலும் உயிர் போனது!

1986 மார்ச். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டைலர் நகரின் புற்றுநோய் சிகிச்சை மையம். கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கிய பெண் ஊழியர், எலெக்ட்ரான் சிகிச்சைக்கான எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்ரேவுக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். சில நொடிகளிலேயே திருத்தியும் விட்டார்.

சிகிச்சை தொடங்கியதும் திரையில் 'கோளாறு 54' என்று வந்தது. கொடுத்த கதிர்வீச்சு குறைவு என்றும் காட்டியது. அடிக்கடி வரும் கோளாறுதானே என்று மறுபடி இயக்கினார். உள்ளே இருந்த நோயாளிக்கோ, இரண்டு முறையும் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு! 5 மாதங்களில் அவர் இறந்துபோனார்.

அந்த இயந்திரத்தின் பெயர் தெராக்-25. 1985 முதல் 1987 வரை அதனால் பாதிக்கப்பட்டவர்கள் 6 பேர். அவர்களில் குறைந்தது 3 பேர் உயிரிழந்தனர்.

துப்பறிந்த பேராசிரியை

இதைத் துருவி ஆராய்ந்தவர் கணினி விஞ்ஞானி நான்சி லெவிசன். கிளார்க் டர்னருடன் இணைந்து 1993-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம்.

முந்தைய மாடலான தெராக்-20-லும் இதே மென்பொருள் பிழை இருந்தது. ஆனால், அதில் தனிப் பாதுகாப்புப் பூட்டுகள் இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி. புதிய மாடலில் மென்பொருளை நம்பி அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள். குக்கரின் சேஃப்டி வால்வைக் கழற்றிவிட்டு, விசிலை மட்டும் நம்பியது போல!

1985-ல் ஒரு விபத்துக்குப் பிறகு, தயாரிப்பாளர்கள் ஒரு சிறிய சுவிட்ச் மீது சந்தேகப்பட்டுச் சரிசெய்தார்கள். பாதுகாப்பு ஒரு லட்சம் மடங்கு கூடிவிட்டதாகக் கணக்கும் காட்டினார்கள். டைலர் விபத்து நடந்தது அதற்குப் பிறகுதான்.

நம்பகம் வேறு, பாதுகாப்பு வேறு

பழுதாகாமல் ஓடினால் அது நம்பகமான இயந்திரம். ஆனால், அது பாதுகாப்பானதும்தான் என்று சொல்லிவிட முடியாது. லெவிசன் ஆராய்ச்சியின் சாரம் இதுதான். மென்பொருள் தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. எழுதியதை அப்படியே செய்யும். எழுதியதே தவறாக இருந்தால்?

1999-ல் செவ்வாயில் இறங்கப்போன நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் தொலைந்துபோனது. கால்கள் விரிந்த அதிர்வையே தரை தொட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு, நடுவானில் இன்ஜினை நிறுத்தியிருக்கலாம் என்றது விசாரணை. அங்கும் எதுவும் உடையவில்லை.

எம்.ஐ.டி. பேராசிரியரான லெவிசன், 2004-ல் விபத்துகளை அலச 'ஸ்டாம்ப்' என்ற புதிய முறையை முன்வைத்தார். எந்தப் பாகம் கெட்டது என்பதோடு அது நிற்பதில்லை. இயந்திரம், மனிதர், நிர்வாகம், அரசு விதிகள் என எந்த இடத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது என்று தேடுகிறது.

விபத்து என்றதும் 'யார் தப்பு?' என்றுதான் நாம் கேட்போம். டைலரில் அப்படிக் கேட்டிருந்தால் பழி அந்தப் பெண் மீது விழுந்திருக்கும்; இயந்திரம் மாறியிருக்காது. ஓர் எழுத்து மாறினால் உயிர் போகும் என்ற நிலை ஏன் வந்தது என்பதே லெவிசன் கேட்ட கேள்வி.