உங்களுக்குத் தெரியுமா? போடி மலையின் நீலக்குறிஞ்சி

குறிஞ்சி என்றதும் கொடைக்கானலும் மூணாறும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் தேனி மாவட்டத்திலும் குறிஞ்சி உண்டு. 2018இல் நீலம் போர்த்திக் கிடந்த கொழுக்குமலை, போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துச் சூரியநெல்லி வழியாகச் சுற்றித்தான் நம் மலைக்குப் போக முடியும்!

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்று சொல்லிச் சொல்லி, ஒரே செடி திரும்பத் திரும்பப் பூப்பதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. நீலக்குறிஞ்சி வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்து, காய்த்து, விதையைச் சிதறிவிட்டுப் பட்டுப்போகும். அடுத்த முறை பூப்பவை அதன் பிள்ளைகள். ஆசைக்கு ஒரு கொத்து ஒடித்தால், அந்தக் கொத்து விட்டுச்செல்ல இருந்த விதை அத்தனையும் போயிற்று. அந்தச் செடிக்கு இன்னொரு பருவம் கிடையாது.

மலை முழுதும் ஏன் ஒன்றாகப் பூக்கிறது? விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே பருவத்தில் விதையைக் கொட்டிவிடுவதால் மிச்சம் முளைத்துவிடும் என்பது தாவரவியலார் கூறும் விளக்கம்.

எல்லா மலைக்கும் ஒரே ஆண்டுக் கணக்கு இல்லை. கொழுக்குமலையில் 2006, 2018; இனி 2030. போடிமெட்டுக்கு அப்பால், சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையிலோ 2022இல் பூத்தது.

குறிஞ்சித் தேனைக் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டிலேயே தேவகுலத்தார் பாடிவிட்டார். மலைவாழ் பழங்குடியினரான பளியர்கள் தங்கள் வயதையே குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்லி வந்தார்கள்.

இந்தச் செடி எங்கே வாழ்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சுமார் 1,300 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் சோலைக்காடு திட்டுத் திட்டாக நிற்கும். அவற்றுக்கு இடையே சரிவெல்லாம் புல். குறிஞ்சிக்கு அந்தப் புல்வெளிதான் வீடு. திறந்த வெயிலும் காற்றும் பனியும் அதற்கு வேண்டும். மரம் இல்லாததால் அதைச் சும்மா கிடக்கும் இடம் என்று கணக்கெழுதியது வெள்ளைக்காரர் காலம். தேயிலை போட்டார்கள், பிறகு சீகை, யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். நிழல் விழுந்த இடத்தில் குறிஞ்சி இல்லை. மரம் நடுவது எங்கேயும் நல்லது என்ற எண்ணம் இந்த உயரத்தில் செல்லாது. சோலையும் புல்லும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுவதால்தான் மலையோடைகள் கோடையிலும் கசிகின்றன. போடி மலைகளில் பிறக்கும் கொட்டகுடி ஆறும் வைகையில் சேரும் ஆறுகளில் ஒன்று. கீழே வயலில் நிற்பவருக்கும் மேலே இருக்கும் புல்லுக்கும் தொடர்பு அவ்வளவு நெருக்கம்.

அப்படி மலையில் போட்ட மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி மலையிறங்கி, போடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ரயில் பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. மலையில் போட்ட தேயிலை மட்டும் அப்படியே இருக்கிறது.

குறிஞ்சியின் பெயரில் கோயிலும் உண்டு. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காக நீலக்குறிஞ்சியை முதன்முதலாக மதிப்பிட்டது 2024இல்தான். ‘அழியும் வாய்ப்புள்ள இனம்’ என்று அதில் இடம்பெற்றது. எஞ்சியிருப்பவை 34 கூட்டங்கள். அவற்றில் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில். தனியாக ஒன்று ஏற்காட்டில்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரம். பறிப்பதும் பிடுங்குவதும் விற்பதும் குற்றம். பூவே இல்லாமல், பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் புதராக நிற்கிற ஆண்டுகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.